வாளியின் காகிதப் பெயர்

காலையில் லாயம் கூட்டுவது நடீன் கேனிக்கின் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு இறங்குவாள். பதினோரு தடுப்புகளிலும் லத்தியை வாரி, ஈரமான மரத்தூளை ஒதுக்கி, புதுத் தூளைப் பரப்பி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பெரிய குதிரை வைத்திருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நடீனுடையவை குட்டை இனக் குதிரைகள், எதுவும் அவள் இடுப்புக்கு மேல் வளர்ந்ததில்லை. லத்தியும் அந்த அளவுக்குத்தான். "கோழிக்குப் பின்னாடி கூட்டுறதுக்கும் மாட்டுக்குப் பின்னாடி கூட்டுறதுக்கும் நடுவுல ஒரு வேலை" என்பாள்.

கூட்டும்போது பேச்சு ஓயாது. "வக்கீல், தள்ளு. தள்ளுன்னா தள்ளணும், அப்பீல் கிடையாது. ஊறுகா, அது என் சட்டை, புல்லு அங்க இருக்கு. பொத்தான், காலை எடும்மா." சரளைச் சாலைக்கு இந்தப் பக்கம் என் வீட்டுச் சமையலறையில் நின்றாலே எனக்கு எல்லாம் கேட்கும். இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன்.

வக்கீல், ஊறுகாய், பொத்தான் எல்லாம் லாயப் பெயர்கள். பதிவுக் காகிதத்தில் அவர்கள் வேறு ஆட்கள். வக்கீல் என்கிற கிழட்டுச் சண்டைக்காரன் 'கேனிக்கின் தூரத்து இடி'. ஊறுகாய், 'கேனிக்கின் இடிக்குப் பிறகு மழை'. எல்லாவற்றிலும் இடி வருவதற்குக் காரணம் அப்பன்காரன் பட்டாணி. அவனைப் பதிவு செய்திருப்பது 'நள்ளிரவு இடியோசை' என்று. அப்பன் பெயரில் ஒரு துண்டாவது பிள்ளை பெயரில் இருந்தால், விலைக்குப் பார்க்க வருகிறவன் காகிதத்தைப் பார்த்ததும் எந்த வம்சம் என்று புரிந்துகொள்வான். முன்னால் 'கேனிக்கின்' என்று பண்ணைப் பெயர் நிற்கும். குதிரை எங்கே விற்றுப் போனாலும் அது அழியாது.

"உருவம் சின்னதா ஆக ஆகப் பேரு பெரிசா வேணும்" என்பது நடீனின் கட்சி. "யானைக்கு ராஜான்னு பேரு வெச்சா யாரு திரும்பிப் பாப்பா?"

லாயப் பெயரில் அவள் சட்டம் வேறு. அதை நாம் வைக்கக் கூடாது, தானாக வரும். குட்டி பிறந்து ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எதைத் தின்கிறது, யாரை உதைக்கிறது, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்று. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் பரிமாறியவள் அவள். பிள்ளைகளைத் தட்டை வைத்தே அடையாளம் சொல்வாள். "அந்த பீன்ஸ் ஒளிச்சு வைக்கிற பையன் இப்ப வங்கி மேனேஜராம்" என்பாள், பெயர் சொல்லத் தெரியாது. குதிரைகளுக்கும் அந்தக் கண்தான். வக்கீல் கதவருகே நின்று தலையை ஆட்டி ஆட்டி வாதாடியதால் வக்கீல். ஒருமுறை அவனை விற்றாள். வாங்கின குடும்பம் 'இளவரசன்' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் போன் வந்தது, கூப்பிட்டால் வரவே மாட்டேன் என்கிறான், காது கேட்காதோ என்று. "கையில தீனிக் கரண்டியோட 'வக்கீல்'னு கத்திப் பாருங்க" என்றாள். அடுத்த நிமிடம் போனிலேயே குளம்புச் சத்தம் கேட்டது. ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் நகரத்துக்குக் குடிபோனபோது இவளே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இதற்கெல்லாம் அப்பால் அவள் யாருக்கும் கொடுக்காமல் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் சமையலறைக்குப் பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போனார்களாம். வண்ண அட்டைகளில் ஒன்று மட்டும் அவள் கையில் ஒட்டிக்கொண்டது. வெண்ணெயும் தேனும் கலந்தது போல ஒரு நிறம். கீழே சின்ன எழுத்தில் பெயர்: செப்டம்பர் கடைசி வெயில். அவள் கணவர் ட்வைட், பாதி விலையில் கிடந்த வெள்ளையை வாங்கிவிட்டார். சமையலறை இன்றைக்கும் வெள்ளைதான். அட்டை அவளுடைய சமையல் குறிப்புப் பெட்டிக்குள் போனது. குதிரை வளர்க்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெயருக்கு ஒரு வேலை வந்தது. அந்த நிறத்தில், குறை சொல்ல முடியாத ஒரு குட்டி பிறக்கும். அதை விற்க மாட்டாள். விற்காத குதிரைக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை, அதனால் முன்னால் 'கேனிக்கின்' கிடையாது. வெறும் செப்டம்பர் கடைசி வெயில்.

இருபத்திரண்டு வருடத்தில் நாற்பது குட்டிக்கு மேல் பிறந்தன. ஒவ்வொரு முறையும் போய்ப் பார்ப்பேன். "இதுவா?" என்று கேட்பேன். உதட்டைப் பிதுக்குவாள். ஒன்றுக்குத் தலை பெரிசு. ஒன்றுக்கு நிறம் கருக்கும். ஒன்றுக்குப் பல்வரிசை சரியில்லை.

போன ஏப்ரலில் பொத்தான் ஒரு பெண்குட்டி போட்டாள். பத்தொன்பது அங்குலம். ஈரம் காய்ந்ததும் பார்த்தேன், உருக்கிய வெண்ணெய் நிறம், பால் வெள்ளையில் பிடரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. நடீன் முட்டிபோட்டு உட்கார்ந்து கால் நான்கையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"மரத்தூள் மூக்குல ஏறிடுச்சுடி, கார்லீன்" என்றாள்.

மூன்றாம் நாள் அந்தக் குட்டி தாயின் தண்ணீர் வாளிக்குள் தலையை விட்டு, கைப்பிடி கழுத்தில் மாட்டிக்கொள்ள, வாளியோடு லாயம் முழுக்க ஓடியது. ஐந்தாம் நாளும் அதே கதை. காலியான வாளியைக் கண்டால்கூட விடுவதில்லை. வாரம் முடிவதற்குள் லாயப் பெயர் வந்துவிட்டது. வாளி.

ஜூனில் பதிவுச் சங்கத்தின் படிவத்தை நிரப்பினாள். பெயருக்கு மூன்று கோடுகள் இருக்கும்: முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது. முதல் பெயர் வேறு யாரிடமாவது இருந்தால் அடுத்ததைக் கொடுப்பார்கள். நடீனுக்கு ஒருபோதும் அப்படி நேர்ந்ததில்லை. முன்னால் பண்ணைப் பெயர் நிற்கும்போது 'கேனிக்கின்' என்று ஆரம்பிக்கிற பெயரை வேறு எவன் வைக்கப் போகிறான்? இத்தனை வருடமும் இரண்டாவது, மூன்றாவது கோடுகளில் வாயில் வந்ததை எழுதித்தான் அனுப்பியிருக்கிறாள். இந்தப் பெயருக்கு முன்னால் அந்தக் காவல் இல்லை என்பது அவளுக்கோ ட்வைட்டுக்கோ தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

முதல் கோட்டில் தன் நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, வக்கீல் வேலியில் காலை மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டு ஓடினாள். ட்வைட் மேசையில் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாகச் சமையல் வாயு நிரப்பும் லாரி ஓட்டுகிற மனுஷர், காலை நாலரைக்கு எழுந்தவர். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"மூணு கோட்டையும் நிரப்பணும்னு கீழ போட்டிருக்கே!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். "ரெண்டாவது என்ன எழுத?"

"எதையாவது எழுதித் தொலை! கையில வேலையா இருக்கேன்!"

எழுதினார். கவரை ஒட்டி மறுநாள் காலை தபாலிலும் போட்டார்.

ஜூலை நடுவில் காகிதம் வந்தது. நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். கவரைக் கத்தியாலேயே கிழித்தாள். படித்தாள். திருப்பி வேறு குதிரையின் காகிதமோ என்று பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். பெண்குட்டி, வெண்ணெய் நிறம், தந்தை நள்ளிரவு இடியோசை, எல்லாம் சரி. பெயர் என்ற இடத்தில், சங்கத்தின் முத்திரையோடு:

இன்னைக்கும் சாப்பாடு லேட்டு.

சிரிக்கக் கூடாது என்று உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். ட்வைட் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ட்வைட்."

"ம்."

"மூணாவது கோட்டுல என்ன எழுதின?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இரண்டாவதை எழுதினது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. "மூணாவதா… 'நடீனைக் கேட்டுக்கொள்ளவும்'னு" என்றார்.

"அதையாவது கொடுத்திருக்கலாம் அவனுங்க."

"நீதானே எதையாவது எழுதுன்ன."

"எழுதுன்னுதான் சொன்னேன். மனசுல இருக்கறதைக் கொட்டுன்னு சொல்லலையே."

அன்றிலிருந்து மாலை சாப்பாடு சரியாக ஐந்து மணிக்கு மேசைக்கு வந்தது. ட்வைட்டின் லாரி ஐந்தே முக்காலுக்குத்தான் வீடு சேரும். ஆறிப்போன மாட்டிறைச்சி, ஏடு கட்டின குழம்பு, விறைத்த உருளைக்கிழங்கு மசியல். சூடு பண்ணலாம் என்று போனால் மைக்ரோவேவ் அதன் இடத்தில் இல்லை, பெட்டியையே முகப்பு அறைக்கு மாற்றியிருந்தாள். ஒன்பது நாள் மனுஷர் புகார் சொல்லாமல் சாப்பிட்டார். பத்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "கார்லீன், ஒரு கிண்ணம் சூடா ஏதாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சரி" என்றார். சூப் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். "முப்பத்தஞ்சு வருஷமா லேட்டா வந்த சாப்பாடு எவ்வளவு நல்லாயிருந்துச்சு தெரியுமா" என்றார்.

அதற்குள் நடீன் 'செப்டம்பர் கடைசி வெயில்' யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடித்திருந்தாள். நெப்ராஸ்காவில் ஆர்டிஸ் என்ற பெண்மணியிடம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவு. ஒரு சனிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு போன் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தி மேசை நடுவில் வைத்தாள்.

"ஆர்டிஸ் பேசறேன். வைக்கோல் விஷயம்னா வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க."

"வைக்கோல் இல்லைங்க, குதிரை. மிசௌரியிலேருந்து பேசறேன். செப்டம்பர் கடைசி வெயில்னு உங்ககிட்ட…"

"அப்படி எங்ககிட்ட எதுவும் இல்லையே."

"உங்க பேர்லதான் பதிவாயிருக்கு. ஒன்பது வயசுப் பெண் குதிரை."

"ஒன்பது வயசா… அட, அத்தையா!" என்றாள் ஆர்டிஸ். "ஆமாம்மா, நாங்க அவளை அத்தைன்னுதான் கூப்பிடுவோம், காகிதத்துல அப்படி ஏதோ இருக்கும். மருமக வெச்சா. பெயிண்ட் கடை அட்டையில பார்த்தாளாம். அதுக்கப்புறம் நாங்க யாரும் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை."

நடீன் என்னைப் பார்க்கவில்லை. "என்ன நிறம்?"

"சமையலறையா?"

"குதிரைங்க."

"கறுப்பு. மூக்கு மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும்."

நடீன் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கேட்டாள். "நீங்க அதை மாத்திக்கறதா இருந்தா… செலவு நான் ஏத்துக்கறேன்."

"எனக்கு என்ன வந்தது, தாராளமா மாத்தலாம். ஆனா அவ நாலு குட்டி போட்டுட்டாளே. நாலு காகிதத்துலயும் அம்மா பேரு அதுதான். இப்ப மாத்தினா நாலு பேருக்கும் அம்மா காணாமப் போயிடுவா." ஆர்டிஸின் குரல் இறங்கியது. "ரொம்ப ஆசையா வெச்சிருந்தீங்களோ?"

"ஆசையெல்லாம் இல்லைங்க. சும்மா கேட்டேன்."

"உங்க குட்டி என்ன பேருல வந்திருக்கு அப்ப?"

நான்தான் சொன்னேன்.

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு சிரிப்பு, மூச்சு வாங்கி வாங்கி. "எல்வின்! ஏய் எல்வின், இங்க வாயேன்! நீங்க இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, அவரும் கேட்கட்டும்." இந்த முறை நடீனே சொன்னாள். எல்வின் ஆண்கள் சிரிக்கிற மாதிரி ஒரு தடவை 'ஹ' என்றார். பிறகு, "அதை யாரு எழுதினான்னு சொல்லவே வேண்டாம்" என்றார். போனை வைப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பட்டாணியின் வம்சம், அத்தையின் கால் குளம்பு, இரண்டு வீட்டிலும் சமையலறை என்ன நிறம், எல்லாம் பேசினார்கள்.

வைத்த பிறகு நடீன் கொஞ்ச நேரம் மேசைத்துணியின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கட்டுக்கு வெச்சிருக்கலாம்" என்றாள்.

பிஸ்கட் பொத்தானின் அம்மா. இருபது வயது. பல் போய், ஊறவைத்த தீனிதான் இப்போது. அவளும் இந்த நிறம்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது எனக்கு.

"ஏன் வெக்கலை?"

"முன்னங்கால் கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சு."

"எவ்வளவு?"

"இருந்துச்சு கொஞ்சம். நேத்து போய்ப் பார்த்தேன். எந்தக் காலுன்னு தெரியலை."

அவ்வளவுதான். எழுந்து போய் மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். அன்று மாலை ட்வைட்டுக்குச் சூடான சாப்பாடு ஆறரைக்குக் கிடைத்தது.

இனி விஷயம் பெயர் மாற்றும் படிவத்தில் வந்து நின்றது. சங்கத்தின் விதி, குதிரை ஒரு தடவை ஒரு பெயரில் கண்காட்சி வளையத்துக்குள் நடந்துவிட்டால் பிறகு மாற்றித் தர மாட்டார்கள். மாவட்டக் கண்காட்சி ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை. குட்டிகள் பிரிவில் வாளியைப் பதிந்தாகிவிட்டது. அதற்கு முன் தபால் முத்திரை விழ வேண்டும். செப்டம்பர் வெயில் கிடைக்காது என்றாலும் ஒரு கௌரவமான பெயர் வைக்க இன்னும் நாள் இருந்தது. ட்வைட்தான் படிவத்தை வரவழைத்தார். செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாகத் தானே உட்கார்ந்து ஒரு பெயரும் யோசித்தார். அதை அவர் சாதாரணமாகச் செய்யவில்லை. லாரியில் போகும்போது பழைய ரசீதுகளின் பின்னால் எழுதி எழுதி அடித்திருந்தார், அவற்றைப் பார்த்தேன்.

ஊருக்குள் இதற்குள் செய்தி போயிருந்தது. தீனிக்கடைக்காரன் மூட்டையை ஏற்றும்போதே, "சாப்பாடு எப்படி இருக்கா, நடீன்?" என்று கேட்பான். குளம்பு சீவுகிறவன் குட்டியைப் பார்த்து, "நீதானா அந்த லேட்டு?" என்றான். சர்ச் விருந்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்த நாளில், பாதிரியாரின் மனைவி கேட்டுக்கொண்டதால் நடீன் முழுக்கதையையும் சொன்னாள். வேலியில் கால் மாட்டின வக்கீலிலிருந்து ஆரம்பித்து, நெப்ராஸ்காவில் ஏதோ கீழே விழுந்தது வரைக்கும். 'எதையாவது எழுதித் தொலை' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவாள். ட்வைட் சோள ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நிற்பார், தன் முறைக்காக. பிறகு இருவரும் சேர்ந்து மூன்றாவது கோட்டைச் சொல்வார்கள். அதை நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கதை தேறிக்கொண்டே வந்தது.

ஆனால் வீட்டில் படிவத்தைப் பற்றிக் கேட்டால், "பாக்கலாம்" என்பாள்.

கண்காட்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஆப்பிள் பலகாரம் சுட இரவல் வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ட்வைட் சீக்கிரம் வந்திருந்தார். மேசையில் படிவம், பேனா, தபால்தலை ஒட்டின கவர். தபால் ஆபீஸ் நாலரைக்கு மூடும். சுவரில் மணி நாலே கால். நடீன் அலமாரிக்கு முன்னால் நின்று, வாளியின் முக மயிரை நறுக்க வேண்டிய கத்திரியையும் குளிப்பாட்டும் சோப்புச் சீசாவையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் எழுதிட்டேன்" என்றார் ட்வைட். "கேனிக்கின் பொன்னிற இடி. எப்படி இருக்கு, கார்லீன்?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். நல்ல பெயர்தான். காகிதத்தில் பார்த்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும்.

"யாரும் குத்தம் சொல்ல முடியாது. மூணு கோட்டுக்கும் ஒழுங்கான பேரு யோசிச்சேன். ரெண்டாவது 'கேனிக்கின் மஞ்சள் மின்னல்'. மூணாவது…"

"மூணாவது வேணாம்" என்றாள் நடீன், சீசாவின் மூடியை முறுக்கிக்கொண்டே.

"சரி, கையெழுத்துப் போடு. ஓடினா பிடிச்சுடலாம்."

நடீன் மேசைக்கு வந்தாள். படிவத்தை எடுத்து, கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தாள், கண்ணாடி போடாததால். உதடு அசைந்தது. கேனிக்கின் பொன்னிற இடி. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு ஒலிபெருக்கியில் ஒருவன் அதைப் படிப்பான், வேலியோரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே அடுத்த குட்டியைப் பார்ப்பார்கள். அவள் அதைத்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன்.

லாயத்திலிருந்து தகர வாளி உருளுகிற சத்தம் கேட்டது.

"பாரு, மறுபடியும்" என்றாள். படிவத்தைப் பழையபடி மேசையில், ஓரம் ஒட்டி நேராக வைத்தாள். அதன்மேல் பேனாவையும் வைத்தாள்.

"நடீன், மணி ஆகுது. போடுறியா இல்லையா?"

அவள் கத்திரியைக் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சோப்புச் சீசாவை அக்குளில் இடுக்கி, வாசற்கதவைத் தோளால் தள்ளித் திறந்து வெளியே போனாள்.